ரிவர்ஸ் வராத வண்டி

பக்கத்துத் தெருக் கடைக்குக்கூட என்னைத் தனியாக அனுப்பாத அம்மா, அந்தக் காலாண்டு விடுமுறையில் ஒரு நாள் காலையில் அவளாகவே எனக்குத் தலைவாரி, பெருநாளுக்கு எடுத்த சுடிதாரைப் போட்டுவிட்டு, மாமாவின் வண்டியில் ஏற்றி அனுப்பினாள். பிச்சாவரம் போகிறோம், போட்டில் ஏறலாம் என்றாள். “வழியில யாரு கேட்டாலும் அதையே சொல்லு” என்று இன்னொரு தடவையும் சொன்னாள். போட்டில் ஏறப்போகிற ஒருத்தியை யார் என்ன கேட்கப்போகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அன்றைக்குப் புரியாமல் போனவை நிறைய. அவற்றில் இது சின்னது.

மாமா, அம்மாவின் தம்பி. சவூதியில் டிரைவராக இருந்துவிட்டு ஊருக்கு வந்ததும் ஒரு பிக்கப் வாங்கினார். லாரி அளவுக்குப் பெரியது இல்லை. ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் கொஞ்சம் சாமான் போடலாம். அது போதாதென்று பட்டறையில் சொல்லி ஓர் இரும்பு டிரெய்லர் செய்து, பிக்கப்பின் வாலில் கொக்கி வைத்து மாட்டிக்கொண்டார். சிப்காட் கம்பெனிகளுக்கு ஜெனரேட்டரும் தண்ணீர் டேங்கும் இழுத்துக் கொடுப்பதுதான் தொழில். கடலூரில் டிராக்டர் டிரெய்லர் இழுத்துத்தான் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதனால் சிக்னலில் நின்றால் பைக்கில் வந்த யாராவது கண்ணாடியைத் தட்டி, “அண்ணே, பின்னாடி ஏதோ மாட்டிக்கிட்டு வருது” என்று எச்சரித்துவிட்டுப் போவார். மாமா ஒவ்வொருவருக்கும் பொறுமையாக நன்றி சொல்வார்.

செம்மண்டலத்திலிருந்து கிளம்பி நாங்கள் முதலில் போனது முதுநகரில் சின்னம்மாவின் மாமியார் வீட்டுக்கு. சின்னம்மா என் அம்மாவுக்கும் மாமாவுக்கும் தங்கை. அவள் வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். அது பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். சின்னம்மாவின் வீட்டுக்காரருடைய தங்கைதான் மாமாவின் மனைவி, என் மாமி. அதனால் முதுநகரில் ஒரு டம்ளர் உடைந்தாலும் சத்தம் செம்மண்டலத்தில் மாமா வீட்டில் கேட்கும்.

அன்று அந்த வீட்டில் சின்னம்மாவைத் தவிர யாரும் இல்லை. மாமி உட்பட எல்லோரும் நெல்லிக்குப்பத்தில் ஒரு நிக்காஹ்வுக்குப் போயிருந்தார்கள். சின்னம்மா முன்பு அந்த வீட்டின் பின்கட்டில் தையல் மெஷின்கள் போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களை வைத்து நைட்டி தைத்துக் கடைகளுக்குக் கொடுத்துவந்தாள். சில மாதங்களாக அந்த அறை பூட்டியே கிடந்தது. கடைக்காரர்கள் வீட்டுக்குள் வந்து போவது நன்றாக இல்லை என்று மாமியார் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார் என்பது பிற்பாடு தெரிந்தது. நாங்கள் போனபோது அறை திறந்திருந்தது. பூட்டு தரையில் கிடந்தது.

“ரெண்டு மெஷின் சர்வீஸுக்குப் போவணும்ண்ணே. சிதம்பரத்துலதான் நல்லா பாக்குறாங்களாம்” என்றாள் சின்னம்மா.

“ஏத்தி வை. ஒரு டீ குடிச்சிட்டு வரேன்” என்று மாமா போனார்.

அந்த டீயைக் குடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. அதற்குள் முன்பு தைக்க வந்த பெண்கள் ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். இரண்டு மெஷின் அல்ல, எல்லா மெஷினும் ஏறின. ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின், துணி வெட்டும் இரும்பு மேசை, துணிக் கட்டுகள் ஏறின. கடைசியாகச் சின்னம்மாவின் கல்யாண பீரோவை எல்லோருமாக நகர்த்தி வந்து டிரெய்லரின் வால் பக்கத்தில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு இழுத்துக் கட்டினார்கள். பிச்சாவரத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

மாமா வந்தார், கயிற்றுக் கட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார், சின்னம்மா என் பக்கத்தில் ஏறியதும் வண்டியை எடுத்தார்.

சிப்காட் வரைக்கும் நெரிசல். வண்டி ஊர்ந்துதான் போனது. செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனிகளின் வழக்கமான மருந்து வாடைக்குக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டோம். அதைத் தாண்டி ரோடு காலியானதும் மாமா வேகம் எடுத்தார். ஆலப்பாக்கம் வருவதற்குள் பின்னாலிருந்து யாரோ வண்டியைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டுவது போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன். டிரெய்லர் ரோட்டின் இரண்டு பக்கத்துக்கும் அலைந்துகொண்டிருந்தது. அது ஒரு பக்கம் போகும்போது எங்கள் வண்டியின் மூக்கு எதிர்ப்பக்கம் போனது. எதிரே ஒரு பஸ் வந்தது. சின்னம்மா கண்களை மூடிக்கொண்டு ஏதோ ஓதினாள்.

மாமா பிரேக்கை மிதிக்கவில்லை. “யாரும் அசையாதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டே இருந்தார். பஸ் உரசாமல் கடந்தது. ஆட்டம் மெல்ல அடங்கி, வண்டி ஒரு டீக்கடை ஓரமாக வந்து நின்றது.

மாமா தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். “வால்ல கனம் ஜாஸ்தி. அதான் ஆடுது. கொக்கிப் பக்கம் கனம் இருந்தாதான் சொன்ன பேச்சு கேக்கும்.”

அதே சாமானை முன்னால் வைத்தால் மட்டும் எடை குறைந்துவிடுமா? நான் கேட்டேன். குறையாது, ஆனால் ஆடாது என்றார். எனக்கு விளங்கவில்லை.

டீக்கடைக்காரரும், கம்பெனி பஸ்ஸுக்காக நின்ற நாலைந்து பேரும் கைகொடுக்க, சாமான் எல்லாம் ரோட்டோரத்தில் இறங்கியது. பீரோ தார் ரோட்டைப் பார்த்தபடி தனியாக நின்றது. அதன் கண்ணாடியில் கடலூர் பஸ்கள் சிதம்பரம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. மாமா அதன் முன்னால் வந்து நின்றார்.

“பீரோவுக்கும் சர்வீஸா?”

சின்னம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். “நான் திரும்பி வரப்போறதில்லண்ணே. சிதம்பரத்துல மேலவீதிப் பக்கம் ஒரு வூடு பாத்து வச்சிருக்கேன். அக்காவுக்குத் தெரியும். உன்கிட்ட சொன்னா உன் வூட்டுல சங்கடம்.”

மாமா திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கயிற்றை உதறிச் சுருட்டினார். “அத மொதல்லயே சொல்லியிருந்தா பீரோவ முன்னாடி ஏத்தியிருப்பேன்ல.”

பீரோ முன்னால் போனது, மெஷின்கள் அச்சுக்கு மேலே நடுவில் வந்தன. அதன்பிறகு டிரெய்லர் ஆடவே இல்லை. இவ்வளவு சாமான் வைக்கிற வீட்டிலிருந்து போட் எவ்வளவு தூரம் இருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

புதுச்சத்திரம் தாண்டியதும் மாமாவின் போன் அடித்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டார். துபாயிலிருந்து சின்னம்மாவின் வீட்டுக்காரர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

“மச்சான், அவ பீரோவ ஏத்திக்கிட்டுப் போறாளாமே. எதுத்த வூட்லேருந்து போன் பண்ணாங்க. எங்க இருக்கீங்க?”

“புதுச்சத்திரம் தாண்டிட்டோம் மச்சான்.”

“வண்டியத் திருப்புங்க. எதா இருந்தாலும் வூட்டுல ஒக்காந்து பேசிக்கலாம்.” பிறகு, “என் தங்கச்சி உங்க வூட்டுல இருக்கா. அத மறந்துடாதீங்க” என்றார்.

சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வலித்தது. நான் உருவவில்லை.

“திருப்பிடறேன் மச்சான். போனை வைக்காதீங்க. லைன்லயே இருங்க” என்றார் மாமா.

ஒரு மண்ரோடு பிரியும் இடத்தில் நிறுத்தினார். அந்த மண்ரோட்டுக்குள் டிரெய்லரைப் பின்னால் விட்டால் பிக்கப்பின் மூக்கைக் கடலூர்ப் பக்கம் திருப்பிவிடலாம். மாமா ரிவர்ஸ் போட்டார். டிரெய்லர் மண்ரோட்டுக்குப் போகாமல் எதிர்ப்பக்கம் மடங்கி, பிக்கப்பும் அதுவும் மடக்குக் கத்தி போல ரோட்டுக்குக் குறுக்கே நின்றன. முன்னால் எடுத்து நேராக்கி மறுபடி விட்டார். மறுபடியும் மடங்கியது. இரண்டு பக்கமும் பஸ்களும் லாரிகளும் நின்று ஹாரன் அடித்தன. மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. சவூதியில் ஓட்டியவர் என்று பள்ளிக்கூடத்தில் பெருமை பேசியிருக்கிறேன். இப்போது யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று குனிந்துகொண்டேன்.

கைலியை மடித்துக் கட்டிய ஒருவர் ஓடிவந்து கையாட்ட ஆரம்பித்தார். “லெஃப்ட்ல ஒடிங்க பாய். லெஃப்ட்ல. அட, அது வேற பக்கம் போவுதே.”

“வரமாட்டேங்குதுங்க” என்றார் மாமா, போன் பக்கமாகக் கொஞ்சம் சத்தமாக.

“யாரது பக்கத்துல?” என்றது போன்.

அந்த ஆள் ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டு, போனைப் பார்த்துச் சொன்னார்: “சார், நீங்கதான் ஓனரா? இந்த வண்டி இங்க திரும்பாது சார். ரெண்டு பக்கமும் டிராஃபிக் நிக்குது. முன்னாடி போறத தவிர வழி கெடையாது.”

போனில் பெருமூச்சு கேட்டது. “சவூதில என்னத்ததான் ஓட்டினீங்க மச்சான்?”

“அங்கல்லாம் ரோடு அகலம் மச்சான். முன்னாடி எங்கயாவது எடம் கெடைச்சா திருப்பிடறேன்.”

போன் அணைந்தது. வண்டி சிதம்பரத்தைப் பார்த்துப் போனது. மாமாவுக்கு உதவ வேண்டும் என்று எனக்கு ஆசை. ஜன்னலோரம் நகர்ந்து இடம் தேடினேன். பெரிய பெட்ரோல் பங்க் ஒன்று வந்தது. “மாமா, இங்க எடம் இருக்கு.”

“பங்க்ல திருப்புனா சத்தம் போடுவாங்கம்மா.”

கல்யாண மண்டபம் ஒன்று, முன்னால் மைதானம் மாதிரி காலியிடத்தோடு. அதையும் காட்டினேன்.

“மண்ணு லூஸா இருக்கும். சக்கரம் பொதஞ்சிடும்.”

பி.முட்லூரில் இன்னும் நல்ல இடம் இருந்தது. சொல்ல வாயெடுத்தேன். சின்னம்மா தன் பையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து என் வாயில் வைத்தாள். வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியபோது அவள் முக்காட்டால் வாயைப் பொத்திக் குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பக்கத்தில் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

சிதம்பரத்தில் அந்த வீடு ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. சந்தின் இரண்டு பக்கமும் பைக்குகள், ஒரு மாவு மில், வாசலில் கோலம். உள்ளே போனால் திரும்ப இடமில்லை. பின்பக்கமாகத்தான் போக வேண்டும். மாமா தெருமுனையில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார். ஒரு கையால் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் அந்தப் பக்கமும் கொஞ்சம் இந்தப் பக்கமுமாக ஒடித்தார். டிரெய்லர் ஒரு பைக்கையும் தொடாமல், கோலத்தையும் மிதிக்காமல், சந்துக்குள் நேராகப் போய்ச் சின்னம்மாவின் புது வாசலில் நின்றது.

“மாமா, இங்க மட்டும் எப்படி வந்துச்சு?”

“ரோட்டுல பஸ்காரன் ஹாரன் அடிச்சா கை ஓடாதும்மா” என்றார். ஹாரன்தான் காரணம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பிச்சாவரம் போகவில்லை. அதற்காக நான் அழுததும், சாயங்காலம் காலி டிரெய்லர் கடகடவென்று ஆட நாங்கள் இரண்டு பேர் மட்டும் திரும்பி வந்ததும் நினைவிருக்கிறது. சின்னம்மா இன்றும் சிதம்பரத்தில்தான் இருக்கிறாள். அவளிடம் இப்போது ஒரு மாடி முழுக்கத் தைக்கிறார்கள். அவள் வீட்டுக்காரர் அடுத்த லீவில் வந்தபோது வாசலோடு பேசிவிட்டுப் போனார். அதற்கடுத்த லீவில் சாப்பிட்டுவிட்டுப் போனார். பிறகு ஒருமுறை பெட்டியோடு வந்தார். இப்போது பட்டன் வாங்கவும் துணி எடுக்கவும் அவர்தான் போகிறார்.

ஆனால் இதெல்லாம் அன்றைக்கு நிச்சயம் இல்லை. மறுநாள் மாமா வீட்டு ஹாலில் மாமியின் அம்மா, அதாவது சின்னம்மாவின் மாமியார், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமியின் பெட்டி துணியெல்லாம் அடுக்கிக் கதவோரம் இருந்தது. என்னைக் கூப்பிட்டனுப்பியிருந்தார்கள். மாமி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து பிஸ்கட் தட்டை நகர்த்தினாள். அவள் கண் வீங்கியிருந்தது.

“நீ பொய் சொல்லமாட்ட. மாமா நெசமாவே வண்டியத் திருப்பிப் பாத்தாரா? இல்ல சும்மா சொன்னாரா?”

“பாத்தாரு மாமி. திரும்பத் திரும்பப் பாத்தாரு. வரவே இல்ல. எல்லாரும் ஹாரன் அடிச்சாங்க. மாமாவுக்குச் சட்டையெல்லாம் நனஞ்சிடுச்சு. ஒருத்தர் வந்து சொல்லிக் குடுத்தும் வரல.”

சந்தில் வந்ததைப் பற்றி அவள் கேட்கவில்லை. மாமி என்னைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். வீங்கிய கண்ணோடு சிரித்துவிட்டாள். “கேட்டியாம்மா? ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத ஆளத்தான் சவூதி டிரைவருன்னு எனக்குக் கட்டி வச்சிருக்கீங்க.” பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அங்கே பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

மாமா தலையைக் குனிந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். பாவம், எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்திவிட்டேனே என்று நினைத்துக்கொண்டேன். என்னை வீட்டில் விட அவர் கூட நடந்து வந்தபோது ஆறுதல் சொன்னேன்.

“காலி கிரவுண்டுல ஓட்டிப் பழகினா வந்துடும் மாமா.”

“ஆமாம்மா” என்றார். “பழகணும்.”

அவருக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருக்கிறது என்று நம்பி, வீடு வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.