காரணம்: பீடித் துண்டு

சிவப்பிரகாசம் முப்பத்து நான்கு வருடம் தீயை அணைத்தவர். ஓய்வு பெற்றதும் வெயிலையே அணைக்கக் கிளம்பிவிட்டார் என்பாள் மனைவி ஷோபனா. மறுக்க அவரிடம் ஆதாரம் இல்லை. தன்னைப் போல ஓய்வு பெற்ற மூன்று தீயணைப்பு நிலைய அலுவலர்களைச் சேர்த்துக்கொண்டு, பருவநிலை மாற்றத்தைப் பற்றி ஊர் ஊராகப் பேசுகிறார். நால்வருக்கும் சேர்த்து நல்ல முழங்கால் மூன்று தேறும்.

மே தினக் கிராம சபைக்கு ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஓர் ஊருக்குப் போனார்கள். ஏரியைத் தூர்வாரத் தீர்மானம் போட வைக்க வேண்டும். போன கோடையில் தீயணைப்பு வண்டி அங்கே நிரப்பத் தண்ணீர் கிடைக்காமல் திருத்தணிக்கே திரும்பியிருந்தது.

"முன்னெல்லாம் சித்திரையில பத்தும். இப்போ மாசியிலயே எரிஞ்சிகினு கீது. காரணம் சூடுங்க" என்றார் சிவப்பிரகாசம் மைக்கில். குரல் பழக்க தோஷத்தில் ஆணையாக வந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

பின்னாலிருந்து கூலி வேலை செய்யும் சுப்பன் கேட்டார். "சார், ஆறு வருசம் முன்ன சந்திரமோகன் அண்ணன் வைக்கப்போர் எரிஞ்சிதே, நீங்கதான வந்தீங்க?"

"ஆங், நான்தான்."

"காரணம் இன்னான்னு எழுதுனீங்க?"

தீ விபத்து அறிக்கையில் காரணத்துக்கு ஒரு கட்டம் உண்டு. பக்கத்தில் கரண்டுக் கம்பி இருந்தால் மின்கசிவு என்று சிவப்பிரகாசம் எழுதுவார். இல்லையென்றால் அணைக்காத பீடித் துண்டு. அவருடைய பணிக்காலத்தில் மூன்றாவது காரணத்தால் எதுவும் எரிந்ததே இல்லை.

"பீடின்னு எழுதுனீங்க. அன்னிக்கி அங்க வேலையில இருந்தவன் நான் ஒருத்தன்தான். எனக்கு பீடி நாத்தமே ஆவாது சார். இன்னி வரைக்கும் ஊர்ல என் பேரு பீடி சுப்பன்."

சபை சிரித்தது. "பீடியா, சூடா? ஒண்ணு சொல்லுங்க சார், கையெழுத்து போடறோம்" என்றார் சந்திரமோகன்.

மற்ற மூன்று அலுவலர்களும் தரையைப் பார்த்தார்கள். அவர்களும் அதே கட்டத்தை நிரப்பியவர்கள்தான்.

"தெரியாதுங்க. அன்னிக்கும் தெரியாது. தெரியாதுன்னு எழுதுனா மேல இருந்து திருப்பி அனுப்புவாங்க. முன்ன பொறி வுழுந்தா தானா அணையும். இப்போ எல்லாம் காஞ்சி கெடக்குது, புடிச்சிக்கிது. அது மட்டும்தான் தெரியும்" என்றார் சிவப்பிரகாசம்.

"அத்த எழுதிக் குடுங்க" என்றார் சுப்பன்.

ஊருக்குக் கொடுக்கக் கொண்டுவந்த துண்டறிக்கை ஒன்றின் பின்பக்கம் சிவப்பிரகாசம் எழுதினார்: 'காரணம்: தெரியவில்லை. சுப்பன் பீடி பிடிப்பதில்லை.' கீழே பதவியைப் போட்டு, 'ஓய்வு' என்றும் சேர்த்தார். சுப்பன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தீர்மானத்தில் முதல் கையெழுத்தைப் போட்டார்.

"பீடி சுப்பனே போட்டுட்டான், வாங்கப்பா" என்று கூப்பிட்டார் சந்திரமோகன்.

சுப்பன் சிவப்பிரகாசத்தைப் பார்த்தார். சிவப்பிரகாசம் அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கிப் பிரித்து, மைக்கைத் தட்டிப் பார்த்தார்.