அம்சத்தின் முழநீளக் கத்தி

அம்சத்துக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. திருவாரூரில் ஹம்தானின் மீன் கடையோரம் கட்டை போட்டு, வாங்குகிறவர்களுக்கு மீன் வெட்டிக் கொடுக்கிறாள். இப்போது அந்த இடத்துக்கே ஆபத்து. அவளுடைய பெரிய கத்தி முறிந்துவிட்டது. கடையில் வாங்கிய புதுக் கத்தியோ முதல் சுறாவிலேயே மழுங்கிப்போயிற்று.

“ஞாயித்துக்கெழம கூட்டம் தாங்காதுக்கா. கத்தியோட வாங்க. இல்லன்னா கட்டைய வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்” என்று சொல்லிவிட்டான் ஹம்தான்.

இன்று சனிக்கிழமை. பழைய வேனின் அடியில் இருக்கும் வில் பட்டையை அறுத்துத் தேய்த்து, கொல்லையில் கரி நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்துச் சின்னக் கத்திகள் செய்து பழகியவள்தான் அவள். முழநீளக் கத்திதான் படுத்துகிறது. முதலாவது வாழைப்பழமாய் வளைந்தது. ஆறிய பிறகு ஆத்திரத்தில் சுத்தியலால் ஒரு போடு போட்டாள். கண்ணாடி மாதிரி இரண்டாகப் போயிற்று. அடுத்ததும் கோணல். மிச்சம் ஒரே ஒரு பட்டைத் துண்டு.

பம்புசெட் மெக்கானிக்கான அவள் புருஷன் கண்ணுசாமி, அடுப்புக்குக் காற்றடித்துக்கொண்டே சிரித்தான். “மீன் வறுக்கிற மாதிரியே எண்ணெயில படுக்கப் போடுறியே, கொஞ்சம் மொளகாத்தூளும் தடவேன்.”

திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். படுக்கப் போட்டால் அடிப்பக்கம் முதலில் ஆறும். ஒரு பக்கம் முந்தினால் இரும்பு கோணாமல் என்ன செய்யும்?

“ஏங்க, அடி அடைச்ச பைப்பு ஒண்ணு வேணும். ஆழமா. எந்திரிங்க!”

பம்புசெட் குழாய்த் துண்டின் அடியை வெல்டிங் வைத்து மூடி, நட்டு நிறுத்தி எண்ணெய் ஊற்றினான். கத்தி சீராகச் சிவந்து, காந்தம் ஒட்டாத பதம் வந்ததும், நுனி கீழே பார்க்க நேராக இறக்கினாள். பக்கவாட்டில் அசைக்கவில்லை. மூச்சுகூட விடவில்லை.

வெளியே எடுத்தால், அப்போதும் ஒரு நூல் கோணல்.

“போச்சு!”

“சூடு இருக்கில்ல? இப்பவே அமுக்கு!”

இரண்டு தட்டையான இரும்புப் பலகைகளுக்கு நடுவே கத்தியை வைத்து, மேலே சாக்கைப் போட்டு ஏறி உட்கார்ந்தாள்.

“பாக்கட்டுமா?”

“உக்காரு.”

“இப்ப?”

“அடுப்புல பால் வச்சவ மாதிரி பறக்காத. ஆறட்டும்.”

ஆறியதும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கத்தியின் முதுகைப் பார்த்தாள். நேர். ஆனால் இப்படியே விட்டால் முதல் முள்ளிலேயே தெறித்துவிடும். நேரான இரும்புச் சட்டத்தோடு கம்பியால் இறுகக் கட்டிக்கொண்டு தெருமுனை பேக்கரிக்கு ஓடினாள். ரொட்டி வேகும் சூட்டில் கிடந்து விறைப்புத் தணிந்து பதமாகி வெளியே வரும்வரை, பேக்கரிக்காரரை அவள் நிம்மதியாக டீ குடிக்கவிடவில்லை. இரவே பிடி போட்டு, விளிம்பைத் தீட்டி வைத்தாள்.

ஞாயிறு காலை கட்டைக்கு முன்னால் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். அம்சம் புதுக் கத்தியை உருவினாள். தட்டிலிருந்த பெரிய வஞ்சிரத்தை எடுத்துக் கட்டையில் கிடத்தினாள். நடுமுள்ளில் கத்தி சறுக்கவில்லை, தயங்கவில்லை. துண்டுகள் ஒரே கனத்தில் விழுந்தன.

ஹம்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தான். “நீங்க அந்தப் பக்கம் எறா உரிங்க.”

“தம்பி, சும்மா நிக்காத” என்றாள் அம்சம், தன் இடத்தில் உட்கார்ந்தபடி. “அடுத்த மீனப் போடு.”