முத்தையா கண்ணை மூட மறுத்தது

போன வாரம் மணிக்கட்டு வலிக்காக ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். அங்கிருந்த பெண், "கண்ணை மூடிக்குங்க, எந்த விரலைத் தொடறேன்னு சொல்லுங்க" என்றாள். நான் உடனே மூடவில்லை. முத்தையா நினைவுக்கு வந்துவிட்டார்.

எண்பதுகளின் தொடக்கம். மதராசில் ஆக்குபேஷனல் தெரபி படித்துக்கொண்டிருந்தேன். அடிபட்ட கையைப் பட்டன் போடவும் சோறு பிசையவும் வேலைக்குப் போகவும் மறுபடி பழக்குகிற படிப்பு. துளைப் பலகையும் மரக்குச்சிகளுமாக என்னைப் பார்த்த மாமா, "இதுக்குக் காலேஜ் வேறயா?" என்றார். கடைசி வருடப் பயிற்சி கொச்சியில், மட்டாஞ்சேரியின் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில்.

முத்தையா வரும்போதே சுக்கு வாசனை வரும். கொச்சங்காடிச் சரக்குக் கிட்டங்கியில் சுக்கு மூட்டை தூக்குகிறவர். மூட்டைக் கொக்கி கிழித்ததில் வலது மணிக்கட்டில் அறுந்த நரம்பைத் தைத்திருந்தார்கள். கை தேறவில்லை என்று நாங்கள் எழுதினால் அவருக்கு வாட்ச்மேன் வேலை கிடைக்கும். நடிக்கிறார் என்று எழுதினால் கிட்டங்கிக் கம்பெனி ஆள் பட்டியலிலிருந்து அவர் பெயரை வெட்டிவிடும்.

குச்சிகளை எடுக்கச் சொன்னால் நழுவ விடுவார். "இது யாருக்கு எழுதறது சிஸ்டரே?" என்று என் நோட்டையே பார்ப்பார். நான் சிஸ்டர் இல்லை என்று சொல்லிச் சலித்திருந்தேன். உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்கக் கண்ணை மூடச் சொன்னால் மாட்டார். 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிட்டு அந்தச் சோதனையை விட்டுவிட்டேன்.

ஒருநாள் சாயாக்கடையில் அவரைப் பார்த்தேன். ஆவி பறக்கும் கிளாஸை அதே வலது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். பிடிபட்டான் என்று நினைத்தேன். என் மேற்பார்வையாளர் லீவில் இருந்தார். நடிக்கிறார் என்று அறிக்கையை நானே எழுதினேன். டாக்டர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

லீவு முடிந்து வந்த மேடம் முத்தையாவின் கையைத் திருப்பிப் பார்த்தார். மூன்று விரலிலும் கொப்புளம்.

"சூடு தெரியறதான்னு பாத்தியோ?"

"கண்ணை மூட மாட்டேங்கறார் மேடம்."

மேடம் அவரிடமே காரணம் கேட்டார்.

"ஆபரேஷன் கழிஞ்சு மயக்கத்துல கிடந்தேன். முழிச்சப்போ பெருவிரல்ல மை. கம்பெனிக்காரன் எதுல கைநாட்டு வாங்கினான்னு இன்னிவரைக்கும் யாரும் சொல்லலை."

அன்று காலைத் தபாலிலேயே அறிக்கை கம்பெனிக்குப் போய்விட்டிருந்தது. திருத்தி இன்னொன்று அனுப்பினோம். முதலாவதே போதும் என்று ஒரு வரியில் பதில் வந்தது. முத்தையா பிறகு வரவில்லை.

சுள்ளிக்கல்லில் அவர் இருந்த லைன் வீட்டைத் தேடிப் போனேன். ஒரு பெண் கதவைப் பாதி திறந்தாள்.

"கம்பெனியில இருந்தா?"

"இல்லை, ஆஸ்பத்திரி."

"ரெண்டும் ஒண்ணு தானே."

கதவு சாத்தப்பட்டது.

இப்போது அந்த லைன் வீடுகள் இல்லை. கிட்டங்கி தங்கும் விடுதியாகிவிட்டது. ஆஸ்பத்திரியை மூடியபோது பழைய ரெக்கார்டுகளை எரித்தார்களாம். நான் எழுதியதும் அதோடு போயிருக்கும். கம்பெனிக்குப் போன நகலை யார் வைத்திருக்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை.