கொச்சியிலிருந்து டொராண்டோவுக்குப் பதினாறு மணி நேரம்

மகள் டொராண்டோவுக்குப் படிக்கப் போவது முடிவானதும், கொச்சியிலிருந்து அந்த ஊர் எவ்வளவு தூரம் என்று போனில் தேடினேன். பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல், விமானத்தில் ஏறக்குறைய பதினாறு மணி நேரம் என்று காட்டியது. காலண்டரின் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

"நடுவுல ஒரு எடத்துல எறங்கி மாறோணும்ப்பா" என்று அவள் சொல்லத்தான் செய்தாள். கேரள எல்லையில் இருக்கும் எங்கள் பெருமாட்டிக்காரர்களுக்கு மாறி ஏறுவது புதிதா? பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து கோவிந்தாபுரத்தில் இறங்கி, செக்போஸ்டை நடந்து தாண்டினால் கேரளா பஸ் நிற்கும். பத்து நிமிஷம். அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

மாலை ஏழு மணிக்கு விமானம் கிளம்பியது. என் கணக்குப்படி மறுநாள் காலை பதினொரு மணிக்கு அவள் இறங்கியிருக்க வேண்டும். பதினொன்றரைக்கு அழைத்தேன். போன் அணைந்திருந்தது. பன்னிரண்டுக்கும் அதேதான். மனைவியிடம் சொன்னால் பயந்துவிடுவாள் என்று தோப்புக்குள் போய், தென்னைக்குத் தென்னை நடந்தபடியே அழைத்துக்கொண்டிருந்தேன். டிவியில் செய்தி பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

இரண்டு மணிக்கு மனைவியே தேடி வந்தாள்.

"ஏனுங்க, சோறு ஆறிப்போச்சு. இங்க என்னத்தத் தேடறீங்க?"

"புள்ள எறங்கி மூணு மணி நேரமாச்சு. போனே போகல."

"எங்க எறங்கினா? சாயங்காலம் ஆறரைக்குத்தானுங்க அவ போய்ச் சேருவா. நடுவுல அஞ்சு மணி நேரம் உக்காரோணும்னு சொன்னாளே. அதுக்குத்தான புளிசோறு கட்டிக் குடுத்தேன்!"

"பதினாறு மணி நேரம்னுதான போட்டிருந்துச்சு."

"நேராப் போனா அப்படித்தானுங்க. இவ சுத்திப் போறா, பறக்கறதே கூட ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். நீங்க கோவிந்தாபுரத்துல பஸ் மாறறாப்பல நெனச்சுட்டீங்களாக்கும்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தவறு என்னுடையது என்று தெரிந்த பிறகும் பயம் இறங்க மறுத்தது. இன்னும் நாலரை மணி நேரம் இருந்தது. சோற்றை நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டேன். வாசலுக்கும் கிணற்றடிக்குமாக நடந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளும் சிரிப்பை விட்டுவிட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். ஆறரை ஆனது. ஏழும் ஆனது.

ஏழே காலுக்குப் போன் அடித்தது. எடுக்கும்போது விரல் வழுக்கி, ஒருமுறை துண்டித்தே விட்டேன். மறுபடி அடித்தது.

"வந்துட்டேன்ப்பா. இங்க காலைல பத்து மணி ஆகப் போகுது. அம்மாகிட்ட சொல்லுங்க, புளிசோறு நடுவுல எறங்குன எடத்துலயே தீந்துபோச்சு."

என்னென்னவோ கேட்க நினைத்திருந்தேன். "அந்த அஞ்சு மணி நேரமும் உக்கார எடம் கெடச்சுதா சாமி?" என்பதுதான் வாயில் வந்தது. கேட்டுவிட்டுப் போனை மனைவியிடம் கொடுத்தேன். காலையிலிருந்து நான் உட்காரவில்லை என்பது அப்போதுதான் முழங்காலுக்குத் தெரிந்தது.

மகள் போய் எட்டு மாதமாகிறது. லீவுக்கு வரப்போகிறாளாம். எந்த ஊரில் மாறுகிறாள், எத்தனை மணி நேரம் காத்திருக்கிறாள் என்று இப்போதே இரண்டு முறை கேட்டுவிட்டேன்.