கழுத்து நிற்காத பிள்ளை

தென்காசி ஆஸ்பத்திரியில் பிணப் பரிசோதனை என் பொறுப்பாக இருந்தது. மூச்சை நடத்துகிற மூளைத்தண்டை அளந்து பார்ப்பது மட்டும் என் சொந்த ஆசை. புத்தகங்களில் வெள்ளைக்காரர்களின் அளவுகளே இருந்தன. அது எனக்கு எரிச்சல்.

சாரல் காலத்தில் குற்றால அருவியில் வழுக்கி விழுந்த பெரியவர்கள் வருவார்கள். கைக்குழந்தைதான் கிடைக்கவில்லை. எங்கள் பக்கம் குழந்தை இறந்தால் யாருக்கும் சொல்லாமல் அன்றைக்கே புதைத்துவிடுவார்கள்.

ஓர் ஐப்பசி மழையில், மண்சுவர் சரிந்து மூச்சடைத்து இறந்த இரண்டு மாதக் குழந்தையைப் போலீஸ்காரர் கொண்டுவந்தார். மண்டையைத் திறந்து, மூளைத்தண்டைக் கவராயத்தை வைத்து அளந்தேன். பெரியவர்களுடையதில் பாதிக்குச் சற்று மேல் நீளம் இருந்தது. அந்தச் சின்ன உடம்புக்கு அது பெரிதுதான். திருப்தியோடு அதை உள்ளேயே வைத்துத் தைத்தேன்.

வெளியே நின்ற தகப்பனிடம் குழந்தையை நீட்டினேன். என் கை முதுகை மட்டுமே தாங்கியிருந்தது. அவர் பதறி முன்னால் வந்து, பிடரிக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்தார்.

“பைய, அய்யா. அவனுக்கு இன்னும் கழுத்து நிக்கலல்லா” என்றார்.

அவர் உள்ளங்கைக்கு நேர் மேலே, தையலுக்கு உள்ளே, நான் அளந்த தண்டு இருந்தது.