டிரம்ஸ் வராத இடம்

கப்பலூரில் எங்கள் கிடாரிஸ்ட்டின் பட்டறைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மெஷின் ஓடாத அந்தப் பகலில்தான் எங்கள் ராக் பாட்டைப் பதிவு செய்தோம். ஒற்றைக் கிடாரோடு மெதுவாகத் தொடங்கும் பாட்டு. கடைசிப் பல்லவியில் சுருதி ஏறும், டிரம்ஸ் இடிபோல இறங்கும். அந்த இடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்ற நம்பிக்கையில்தான் அவ்வளவு உச்சத்தில் மெட்டுப் போட்டிருந்தேன்.

பத்து வருடம் திருவிழா மேடைகளில் பாடியவன் நான். அங்கே எக்கோ போட்டே குரலைக் காப்பாற்றிவிடுவார்கள். இங்கே ஹெட்போனில் என் மூச்சு மட்டும்தான் கேட்டது. அது யாரோ பயந்தவனுடைய மூச்சு மாதிரி இருந்தது. முதல் வரியிலேயே குரல் நடுங்க, மைக் ஸ்டாண்டை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

உச்சம் வந்தது. டிரம்ஸ் வரவில்லை. நிறுத்தவும் பயம். கத்தினேன். பாதியில் குரல் உடைந்தது. உடைந்த குரலோடு தனியாகவே பாடி முடித்தேன்.

"ஏன்டா அடிக்கல?" என்று டிரம்மர் மேல் பாய்ந்தேன். மேடைகளில் அத்தனை வருடமும் எனக்கு வாசித்தவன் அவன். நான் வலது கையைத் தூக்கினால்தான் அடிப்பான்.

"நீ கையத் தூக்கவே இல்லையே மாப்ள," என்றான்.

மறுபடி பாடத் துணிவில்லாமல் அதையே வெளியிடச் சம்மதித்தேன். கேட்டவர்கள், "அந்த இடத்துல டிரம்ஸே இல்லாம பாட எம்புட்டு தைரியம்ணே!" என்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். ஆனால் அந்த இடம் வரும்போது இன்றும் என் கைகள் எதையாவது பிடித்துக்கொள்கின்றன.