இன்னும் ஏழு சுற்று

பாசியும் மோட்டார் கிரீஸும் வெயிலில் காய்ந்த சிமெண்டும் சேர்ந்து அடிக்கும் வாசனையை, பம்ப்செட் தொட்டிக்குள் இறங்கியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இடுப்பு வலிக்காக வாரம் மூன்று நாள் நான் போகும் விழுப்புரம் நீச்சல் குளத்தில் மருந்துத் தண்ணீரின் நெடிதான் மூக்கை எரிக்கிறது என்றாலும், படியில் கால் வைத்ததும் முதலில் ஏறுவது அந்தப் பழைய வாசனைதான். அதை இனிய நினைவு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கூட்டேரிப்பட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் நிலம். அதில் ஒரு கிணறு, ஒரு மோட்டார் கொட்டகை, பத்துத் தப்படி நீளத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி. பட்டாவில் அப்பாவின் பெயரும் இருந்தது என்பதை, தாலுகா ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த பிறகு நானே பதிவேட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு ஆட்சி முழுவதும் பெரியப்பாவுடையது. அப்பா, அண்ணன் முன்னால் தும்முவதற்கும் அனுமதி கேட்கும் ரகம்.

நான் ஆறாவது படித்த வருஷம், நாற்று நடவு முடிந்த கையோடு அம்மாவுக்கு இடுப்பு "புடிச்சிக்கிச்சு". குனிந்தால் நிமிர முடியவில்லை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்க ஒரு மாசம்தான் இருந்தது. "குனிய முடியாத பொம்பளைய வச்சிக்கினு இன்னா பண்றது? திருவெண்ணெய்நல்லூருக்கே அனுப்பிடு" என்று பெரியப்பா சொன்னார். அது அம்மாவின் தாய்வீடு. அப்பா தலையாட்டினார்.

ஆஸ்பத்திரி நர்சம்மா மாத்திரையோடு ஒரு வழியும் சொன்னார்: இடுப்புக்கு மேல் தண்ணீரில் முன்னால் நடந்து போய், அப்படியே பின்னால் நடந்து வர வேண்டும். "ஒடம்பு பாரத்த தண்ணி வாங்கிக்கும், இடுப்பு நோவாது. தெனம் இருவது சுத்து, ஒரு மாசம் உடாம பண்ணு."

பெரியப்பாவின் சட்டத்தில் பெண்கள் தொட்டியில் துணி துவைக்கலாம், குளிக்கலாம், மாட்டைக் கழுவலாம்; வேலை எதுவும் இல்லாமல் நடக்க மட்டும் கூடாது. ஆகவே ஆண்கள் சாப்பிடப் போகும் மத்தியானத்தில் அம்மா புடவையோடு இறங்குவாள். வரப்பைக் கண்காணிப்பதும் சுற்றை எண்ணுவதும் என் பொறுப்பு. ஒரே ஆளிடம் இரண்டு பொறுப்பு கொடுத்தால் ஒன்று கெட்டுப்போகும். முப்பது வருஷ சர்வீஸில் இதை நாங்கள் அரசாங்கத்துக்குத் திரும்பத் திரும்ப நிரூபித்துக் காட்டியிருக்கிறோம்.

பன்னிரண்டாம் நாள் அம்மா தானே குனிந்து குடத்தைத் தூக்கினாள். அந்த சந்தோஷத்தில் மறுநாள் எண்ணுவதிலேயே கண்ணாக இருந்துவிட்டேன். நான் பதின்மூன்று என்று சொன்னபோது பெரியப்பா என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். கூடவே இரண்டு ஆட்கள்.

தம்பி மனைவியிடம் நேராகப் பேசுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. என்னிடம்தான் சொன்னார்: "உங்கம்மாவ ஏறச் சொல்லு. வேல நேரத்துல நல்லா வெளையாடிக்கினு இருக்கா."

அம்மாவும் என்னைப் பார்த்தே பதில் சொன்னாள். "பெரியப்பாகிட்ட சொல்லும்மா, இன்னும் ஏழு சுத்து இருக்குதுங்கன்னு."

நான்கடி தூரத்தில் நின்ற இருவருக்கும் நடுவே நான் தபால்காரி. நான் வாயெடுப்பதற்குள் பெரியப்பா, தொட்டியின் அடியில் கந்தல் சுற்றிச் செருகியிருந்த கட்டையைப் பிடுங்கி எறிந்தார். தண்ணீர் இடுப்பிலிருந்து தொடைக்கும், தொடையிலிருந்து முழங்காலுக்கும் இறங்கியது. ஈரப்புடவை உடம்போடு ஒட்ட, மூன்று ஆண்கள் பார்க்க, ஏறி ஓடியிருக்க வேண்டியவள் ஓடவில்லை. "எண்ணும்மா" என்றாள். அழுதுகொண்டே எண்ணினேன். ஆட்கள் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், பெரியப்பா திருப்பவில்லை. கடைசிச் சுற்றில் காலுக்கடியில் பாசி மட்டும்தான் இருந்தது. இருபது முடிந்த பிறகே ஏறினாள்.

மறுநாளிலிருந்து மோட்டார் கொட்டகைக்குப் பூட்டு. மத்தியானங்களில் தொட்டி காலியாகக் கிடந்தது. அம்மா மல்லாட்டையை உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்தே பிடுங்கினாள். தாய்வீட்டுக்கு அனுப்பப்படவில்லை, சாகும்வரை முழுதாக நிமிரவும் இல்லை.

இரண்டு வருஷம் கழித்துப் பெரியப்பாவுக்கும் இடுப்பு பிடித்தது. அதே தொட்டியில் பட்டப்பகலில் நடந்தார். "தண்ணில பாரமே தெரியலப்பா" என்று, தாமே கண்டுபிடித்ததுபோல வருவோர் போவோருக்கெல்லாம் சொன்னார். எண்ணுவதற்கு அழைத்தது என்னைத்தான். பதினொன்றிலிருந்து ஏழுக்கும் பதினாறிலிருந்து பன்னிரண்டுக்கும் திரும்பித் திரும்பி, இருபதை முடிக்க அவரை முப்பதுக்குப் பக்கம் நடக்க விட்டேன். நான் காட்டிய முதல் பொய்க் கணக்கு அது, வருத்தம் ஏதுமில்லை.

இப்போது திண்டிவனம் பஸ்ஸிலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் மனைக் கற்கள்தான் தெரிகின்றன. கிணற்றைத் தூர்த்தாயிற்று, தொட்டி இல்லை, பெரியப்பா இல்லை, அம்மா இல்லை. எல்லாம் போய்விட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

குளத்தில் சேரும்போது கையெழுத்து வாங்கும் படிவத்தைப் படித்துப் பார்த்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். பெண்களுக்குப் பதினொன்று முதல் பன்னிரண்டு வரை என்று அதில் தெளிவாக இருக்கிறது. போன வாரம் பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே ஆண்கள் சிலர் துண்டோடு வந்து நின்றார்கள். உரிமையாளர் என் பக்கமே திரும்பாமல், பயிற்சி சொல்லித்தரும் பெண்ணிடம் சொன்னார்: "அந்தம்மாவ ஜல்தியா ஏறச் சொல்லும்மா. இவங்கல்லாம் வெயிட் பண்ணிக்கினு இருக்காங்க பாரு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும்.

"உங்க சார்கிட்ட சொல்லும்மா, இன்னும் ஏழு சுத்து இருக்குதுன்னு" என்றேன். "நீயே எண்ணு."

உண்மையில் எனக்கு மூன்றுதான் பாக்கி இருந்தது.